எல்லைக் கோடு எண்ணெய்க்குத் தெரியுமா?

அடுத்தடுத்து இரண்டு தோட்டங்கள். நடுவே ஒரு வரப்பு. இந்தப் பக்கத்துக்காரர் கிணறு வெட்டி, கவலை கட்டி இறைத்து, கத்தரியும் மிளகாயும் பயிரிட்டுக் காலந் தள்ளி வந்தார். அந்தப் பக்கத்துக்காரரிடம் காசு சேர்ந்தது. கிணற்றை ஆழப்படுத்தினார், அடியில் துளை போட்டார், மின்சாரப் பம்பு வைத்து இரவு பகலாக இறைத்தார். ஒரு கோடை கழிந்தது. ஏழையின் கிணற்றில் வாளி தரை தட்டிற்று!

"என் தண்ணீரை எடுத்துவிட்டாயே!" என்று குமுறினார் இவர். "உன் வரப்பைத் தாண்டி ஒரு கூடை மண்ணையேனும் தொட்டேனா? என் நிலத்தில் நின்று, என் கிணற்றில் இறைத்தேன், அதிலென்ன குற்றம்?" என்று கேட்டார் அவர். சட்டம் படித்தவர் ஒருவர் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். வரையறுத்த வாய்க்காலில் ஓடாமல் மண்ணுக்குள் ஊறிவரும் நீரைத் தன் எல்லைக்குள் நின்று எடுத்துக்கொள்ளும் உரிமை நிலத்துக்குடையவனுக்கு உண்டு என்று அதிலே இருந்தது. பம்பு வைத்தவர் வென்றார். கவலை கட்டியவர் வீடு திரும்பினார்.

ஊர்தோறும் நாம் கண்ட கதை இது. ஆனால் இது தோட்டத்தோடு முடிந்துவிடும் கதையன்று. கோடி கோடியாகப் பணம் புரளும் எண்ணெய் வயல்களிலே, ஆழ்கடலுக்கு அடியிலே, அரசுகளுக்கும் கம்பெனிகளுக்கும் இடையிலே நடப்பதும் இதே கதைதான். அங்கே வறண்டு போவது தனி ஒருவரின் கிணறன்று, பொதுமக்களின் கருவூலம்! ஆகவேதான் இந்த ஞாயிறன்று இதைப் பேசுகிறோம். 'இது பொறியியலாரின் பாடம், நமக்கெதற்கு?' என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கணக்கு நமக்குப் புரியாது என்று எண்ணிக்கொண்டுதான் கணக்கிலே நம்மை ஏமாற்றுகிறார்கள்.

முதலில் ஓர் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடப்பதில்லை. மணற்பாறையின் நுண்ணிய துளைகளிலே, பஞ்சிலே நீர் ஒட்டியிருப்பது போல, அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலேயுள்ள இறுகிய பாறை அதை மூடிபோல் அடைத்து வைத்திருக்கிறது. கிணறு தோண்டினால் அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு எண்ணெயும் வாயுவும் நகர்கின்றன. மேட்டுநீர் பள்ளம் நோக்கிப் பாய்வதைப் போன்ற இயற்கை நியதி இது. தில்லியிலோ இலண்டனிலோ அமர்ந்து, வரைபடத்தின் மீது அளவுகோல் வைத்து அதிகாரிகள் போட்ட கோடு பாறைக்குத் தெரியாது, வாயுவுக்கும் தெரியாது.

அந்தக் கோட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் அனுபவம் விடை சொல்கிறது. 1889ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்து நீதிமன்றம் எண்ணெயையும் வாயுவையும் காட்டு விலங்குகளுக்கு ஒப்பிட்டது. உன் நிலத்தில் இருக்கும்வரை உன்னுடையது. அடுத்தவன் நிலத்துக்குப் போய் அவன் பிடித்துவிட்டால் அவனுடையது! 'பிடித்தவனுக்கே சொந்தம்' என்ற இந்த விதியை வைத்துக்கொண்டு 1930ஆம் ஆண்டு அக்டோபரில் கிழக்கு டெக்சாஸ் எண்ணெய் வயலைத் திறந்தார்கள். நாற்பது மைலுக்கு மேல் நீண்டு கிடந்த ஒரே வயல். மேலே ஆயிரக்கணக்கான துண்டு நிலங்கள், ஆயிரக்கணக்கான சொந்தக்காரர்கள். நான் எடுக்காவிட்டால் அடுத்தவன் எடுத்துவிடுவான் என்ற அச்சத்திலே எல்லோரும் தோண்டினார்கள். கில்கோர் என்ற சிற்றூரின் கடைவீதிக்குள்ளேயே எண்ணெய்க் கோபுரங்கள் முளைத்தன. விளைவு என்ன? தேவைக்கு மேல் எண்ணெய் வெள்ளம். ஒரு டாலர் அளவில் இருந்த பீப்பாயின் விலை 1931இல் சில சென்டுகளுக்குச் சரிந்தது. நிலத்தடி அழுத்தம் வீணாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் மாநில ஆளுநர் இராணுவச் சட்டம் பிறப்பித்து, கிணறுகளை மூடப் படையை அனுப்பினார்.

தனியார் போட்டிதான் திறமையின் தாய் என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் புரட்டுவதே இல்லை! ஒவ்வொருவரும் தம் ஆதாயத்தைக் கருதினார்கள்; அனைவரும் சேர்ந்து நட்டமடைந்தார்கள். அந்த அடியைப் பட்ட பிறகுதான், ஒரே பாறையில் இருக்கும் எண்ணெயை ஒரே வயலாகக் கருதி, ஒரே திட்டத்தின்கீழ் எடுத்து, பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும் என்ற அறிவு வேரூன்றிற்று. 'ஒன்றிணைந்த வயல் மேம்பாடு' என்று அதற்குப் பெயர்.

சரி, பங்கு பிரிப்பது என்றால் எப்படி? நெல்லாக இருந்தால் களத்தில் குவித்து மரக்காலால் அளக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் பாறைத் துளைக்குள் இருப்பதை எப்படி அளப்பது? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கம்பெனியின் எல்லைக்குள் எண்ணெய்ப் பாறை 10 சதுர கிலோமீட்டர் பரந்து, 20 மீட்டர் கனம் இருப்பதாகக் கொள்வோம். பாறையின் மொத்தக் கொள்ளளவு 20 கோடி கனமீட்டர். அதிலே துளைகள் நூற்றுக்கு 20 என்றால் 4 கோடி. துளைகளில் நூற்றுக்கு 25 நீர், 75 எண்ணெய் என்றால் 3 கோடி. மேலே வரும்போது கரைந்திருந்த வாயு பிரிந்து எண்ணெய் சுருங்கும், அதற்காக 1.25ஆல் வகுத்தால் 2 கோடியே 40 இலட்சம். அத்தனையையும் எடுக்க இயலாது. மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும் என்று வைத்தால் 80 இலட்சம் கனமீட்டர். இப்போது ஒரே ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். துளைகள் 20 அல்ல, 25 என்று சொல்லுங்கள். 80 இலட்சம் ஒரு கோடியாகிவிடுகிறது! பீப்பாயில் சொன்னால் ஒரு கோடியே 25 இலட்சம் பீப்பாய் எண்ணெய், பேனா முனையிலே பிறந்துவிட்டது.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? சில கிணறுகளில் எடுத்த பாறைத் துண்டிலிருந்து, கம்பியில் கருவி கட்டி இறக்கிப் பார்த்த பதிவிலிருந்து, அதிர்வலையை அனுப்பி அதன் எதிரொலியைக் கொண்டு வரைந்த படத்திலிருந்து வருகின்றன. ஒரு கிணற்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலே உள்ள தொலைவை நிபுணரின் ஊகம் நிரப்புகிறது. நாணயமான இரண்டு நிபுணர்கள் நாணயமாகவே இரண்டு விடை சொல்லலாம். நாணயத்தோடு ஆதாயமும் கலந்துவிட்டாலோ? 'என் பக்கம் பாறை தடிப்பு, உன் பக்கம் மெலிவு' என்று ஒவ்வொருவரும் சொல்வர். வேகமாக இறைக்கிறவர், 'இரண்டு பக்கத்துக்கும் தொடர்பே இல்லை' என்பார். பின்தங்கியவர், 'எல்லாம் ஒரே பாறைதான்' என்பார். அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே அரசியல், தோழர்களே!

தொடர்பு உண்டா இல்லையா என்பதை அறிய வழியே இல்லையா? உண்டு. ஒரு பக்கம் இறைக்கும்போது, ஒரு கிணறும் ஓடாத மறுபக்கத்தில் அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கலாம். இரு பக்கத்து வாயுவின் கூட்டமைப்பு ஒன்றா என்று சோதிக்கலாம். வாயுவும் நீரும் சந்திக்கும் ஆழம் இருபுறமும் ஒன்றா என்று காணலாம். எடுத்த அளவையும் விழுந்த அழுத்தத்தையும் ஒப்பிட்டு, ஆரம்பத்தில் இருந்தது எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆனால் ஒன்று: இரு தரப்பாரின் விவரங்களும் ஒரே மேசையில் வந்தால்தான் இவையெல்லாம் இயலும். 'என் விவரம் வணிக இரகசியம்' என்று பெட்டியைப் பூட்டிக்கொண்டால் விஞ்ஞானமும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பெட்டியைத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். வடகடலிலே பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடைப்பட்ட எல்லைக் கோட்டின் மீதே ஃபிரிக் என்ற வாயு வயல் அமைந்தது. 1976இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்து, நார்வேக்கு நூற்றுக்கு 60.82, பிரிட்டனுக்கு 39.18 என்று பிரித்தன. மறு ஆண்டு உற்பத்தி தொடங்கிற்று. அடுத்து ஸ்டாட்ஃபியோர்டு என்ற பெரும் எண்ணெய் வயல். 1979இல் ஒப்பந்தம். புதிய கிணறுகளின் விவரம் வந்தபோது பங்கை மறுபடி கணக்கிட்டார்கள். இறுதியில் நார்வே 85.47, பிரிட்டன் 14.53 என்று நின்றது. முதற்கணக்கு தவறலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டு, திருத்திக்கொள்ளும் வழியையும் வகுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார்கள்.

நார்வே நாட்டுக்குள்ளேயே இன்னொரு நிகழ்ச்சி. யோஹான் ஸ்வெர்ட்ரூப் என்ற மாபெரும் வயல் பல உரிமப் பரப்புகளில் விரிந்து கிடந்தது. பங்குதாரர்களில் ஒரு கம்பெனி, கொள்ளளவை மட்டும் பார்த்தால் போதாது, எண்ணெயின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று வாதாடி, கையெழுத்திட மறுத்தது. அங்கே ஆட்சியாளர் கைகட்டி நின்றார்களா? இல்லை. 2015 ஜூலையில் அமைச்சகமே பங்கை முடிவு செய்து அறிவித்தது. உற்பத்தி தொடங்கியது 2019 அக்டோபரில். முதற்சொட்டு மேலே வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாகவே கணக்கு முடிந்துவிட்டது!

அளக்க மறுத்து, ஆத்திரத்தை வளர்த்தால் என்ன நேரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஈராக்குக்கும் குவைத்துக்கும் இடைப்பட்ட ருமைலா வயலிலிருந்து 240 கோடி டாலர் மதிப்புள்ள எண்ணெயைக் குவைத் எடுத்துக்கொண்டது என்று 1990 ஜூலையில் ஈராக் குற்றஞ்சாட்டியது. இரு தரப்பாரும் ஏற்ற அளவு எதுவும் இல்லை. ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கின் படை எல்லையைக் கடந்தது. போருக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் அளக்கப்படாத எண்ணெயும் அந்த நெருப்பிலே வார்க்கப்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோதாவரி கடலில் கலக்கும் இடத்துக்கு அப்பால், ஆந்திரக் கரைக்கு எதிரே, கிருஷ்ணா கோதாவரிப் படுகை. அங்கே ரிலையன்ஸ் கம்பெனிக்கு 2000ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒரு பரப்பு. அதையொட்டி, மக்களின் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.க்கு ஒரு பரப்பு. ரிலையன்ஸ் பரப்பில் 2002இல் வாயு கண்டார்கள். 2006இல் ஏற்கப்பட்ட திட்டத்தில், முதன்மையான இரு வயல்களிலிருந்து எடுக்கத்தக்க வாயு 10.03 இலட்சம் கோடி கன அடி என்று காட்டப்பட்டது. நாடே வியந்தது. 2009 ஏப்ரலில் வாயு வந்தது. 2010இல் உச்சம் தொட்டது. பிறகு மளமளவென்று சரிந்தது. கணித்த இருப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிற்று. 2020 பிப்ரவரியில் அந்த இரு வயல்களும் ஓய்ந்துவிட்டன. அந்த வாயுவை நம்பிக் கட்டிய மின்நிலையங்கள் எரிபொருளின்றி நின்றன. கட்டிய கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை!

இருப்பைக் கணிப்பதிலே பிழை நேரும்; அதை நாம் மறுக்கவில்லை. மண்ணுக்கடியில் இருப்பதை எவரும் கண்ணால் கண்டு சொல்ல முடியாது. ஆனால் பெரிய எண்ணைக் கேட்டுக் கைதட்டிய ஆட்சியாளர்கள், 'இதைச் சரிபார்த்தவர் யார்?' என்று கேட்டிருக்க வேண்டாமா?

கதையின் அடுத்த பாகம் இன்னும் கசப்பானது. 2013 ஜூலையில் ஓ.என்.ஜி.சி. அரசின் ஹைட்ரோகார்பன் தலைமை இயக்ககத்துக்கு எழுதிற்று: எங்கள் பரப்புப் பாறையும் அடுத்த பரப்புப் பாறையும் தொடர்புடையவை, எங்கள் பக்கத்து வாயு அங்கே போகிறது என்று. 2014 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. அளக்கும் பொறுப்பு டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரத்தைச் சேர்ந்த டிகோலியர் அண்ட் மெக்நாட்டன் என்ற நிறுவனத்திடம் விடப்பட்டது. 2015 நவம்பரில் அது அறிக்கை தந்தது. ஓ.என்.ஜி.சி. பரப்பிலிருந்து 1,112 கோடி கனமீட்டர் வாயு மறுபக்கம் நகர்ந்திருக்கிறது. 2015 மார்ச் 31 வரை ரிலையன்ஸ் பரப்பில் எடுத்த 5,868 கோடி கனமீட்டரில் 898 கோடி அப்படி வந்ததாகும் என்பது அதன் கணக்கு. ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்கு!

பிறகு நீதிபதி ஏ.பி.ஷா குழு அமைந்தது. 2016 ஆகஸ்டில் அது சொன்னது மிக முக்கியமான செய்தி: முறையற்று அடைந்த ஆதாயத்தைத் திருப்பித் தரவேண்டும், ஆனால் அது சேர வேண்டிய இடம் ஓ.என்.ஜி.சி. அல்ல, அரசு. ஏனென்றால் கடலடி வாயு எந்தக் கம்பெனிக்கும் சொந்தமன்று. அரசியலமைப்பின் 297ஆவது பிரிவு கடலடிச் செல்வத்தை ஒன்றிய அரசின் பொறுப்பில் வைக்கிறது. 2010இல் உச்சநீதிமன்றமும் அரசு மக்களின் சார்பிலேயே அதைக் கையில் வைத்திருக்கிறது என்று உரைத்தது.

அதே ஆண்டு நவம்பரில் அரசு 155 கோடி டாலர் கேட்டது. கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் நடுவர் தீர்ப்பாயம் சென்றார்கள். அவர்களுடைய வாதத்தையும் கேட்போம். எதிர்த்தரப்பின் வாதத்தை மறைத்து வெல்வது நமக்குப் பெருமையல்ல. 'எங்கள் எல்லைக்குள்ளேயே கிணறு தோண்டினோம்; அரசு ஒப்புதல் தந்த திட்டப்படி எடுத்தோம்; அப்பாலிருந்து நகர்ந்து வரும் வாயுவை எடுக்கக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எந்த விதியும் இல்லை' என்றார்கள். 2018 ஜூலையில் நடுவர் மூவரில் இருவர் அதை ஏற்றனர். 2023 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் அந்த முடிவில் தலையிட மறுத்தார். 2025 பிப்ரவரி 14ஆம் நாள் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அவற்றை ரத்து செய்தது. மார்ச்சு மாதம் அரசின் கோரிக்கை 281 கோடி டாலராக வளர்ந்தது. வழக்கு உச்சநீதிமன்றத்தின் வாயிலுக்குச் சென்றது.

வழக்கின் தீர்ப்பை நாம் எழுதப் புகவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நாம் கேட்பது வேறு. 2009இல் வாயு எடுத்தார்கள், 2015இல் அளந்தார்கள். குதிரை ஓடிய பிறகு இலாயத்தைப் பூட்டுவதா? ஒரே படுகையில் பாறைகள் எல்லை கடந்து தொடரக்கூடும் என்பது பாடப்புத்தகம் அறிந்த செய்தி. அப்படித் தொடர்ந்தால் இணைந்த மேம்பாட்டுக்கு அரசு உத்தரவிடலாம் என்ற விதி உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. விதி இருந்தது, வழி இருந்தது, விழிப்பு மட்டும் இல்லை!

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். பொதுத்துறை என்பதற்காக அதன் உறக்கத்துக்குத் தாலாட்டுப் பாட முடியாது. கவலை கட்டியவரின் கதை நினைவிருக்கிறதல்லவா? ஓ.என்.ஜி.சி. 2005இல் வாங்கிய அந்த ஆழ்கடல் பரப்பில் முதல் வாயு எடுத்தது 2020 மார்ச்சில். எண்ணெய் எடுத்தது 2024 ஜனவரியில். பதினைந்து ஆண்டுகள்! பக்கத்தில் பம்பு ஓடும் ஓசை கேட்டும் தன் கிணற்றைத் திறக்காதிருந்தது ஏன் என்று மக்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. பொதுத்துறையைக் காப்பது என்றால் அதைக் கடிந்து திருத்துவதும் சேர்ந்ததே. 1956இல் அந்த அமைப்பை நாடு தோற்றுவித்தது, அடுத்தவர் இறைப்பதை எட்டி நின்று எண்ணுவதற்காக அன்று.

ஆகவே நாம் வைக்கும் கோரிக்கைகள் எளியவை. அடுத்தடுத்த பரப்புகளை வெவ்வேறு கம்பெனிகளுக்குத் தரும்போதே, எல்லையோரத்துப் பாறையின் விவரங்களை இரு தரப்பும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். தொடர்பு இருக்கக்கூடும் என்று தெரிந்த மாத்திரத்தில், முதற்கிணறு ஓடுமுன், இருவருக்கும் வேண்டாத, இருவருக்கும் வேண்டிய பொது அளவையாளர் அளக்க வேண்டும். முதற்கணக்கே முடிந்த கணக்கென்று கொள்ளாது, குறித்த காலத்தில் மறுகணக்கு வேண்டும். உடன்பாடு காணாவிடில் ஆண்டுக்கணக்கில் காத்திராது, அரசு முடிவு செய்து அறிவிக்க வேண்டும். அந்தக் கணக்கு நாடாளுமன்றத்தின் மேசைக்கு வரவேண்டும். வியாபார இரகசியம் என்று சொல்வார்கள். வியாபாரம் அவர்களுடையதாயிருக்கலாம்; சரக்கு மக்களுடையது!

'இவ்வளவு கெடுபிடி செய்தால் முதலீடு வராது' என்று அச்சுறுத்துவோர் உண்டு. நார்வேயில் அமைச்சகம் பங்கு பிரித்துக் கொடுத்தது, முதலீடு ஓடிவிட்டதா? ஒரு கம்பெனியும் வயலைக் கைவிட்டுக் கப்பலேறவில்லை. தெளிவான விதியைக் கண்டு நேர்மையான முதல் அஞ்சுவதில்லை. பத்தாண்டு நீளும் வழக்கைக் கண்டே அஞ்சுகிறது. கோதாவரிக் கடலில் கிடைத்த பாடமும் அதுவே: முன்னே அளக்கத் தவறினோம், பின்னே வழக்கறிஞர்களுக்கு அளந்து கொடுக்கிறோம்.

தோழர்களே! கிளைக் கூட்டங்களிலே, வாசகசாலையிலே, தேநீர்க்கடையிலே இதை எடுத்துப் பேசுங்கள். துளை, அழுத்தம், கொள்ளளவு என்றெல்லாம் சொல்லத் தயங்க வேண்டாம். கிணறு வெட்டிய கைகளுக்கு அவை அந்நியமல்ல. மக்களுக்குச் சொந்தமான பொருளை யார் அளந்தார்கள், எப்போது அளந்தார்கள், எதை வைத்து அளந்தார்கள் என்ற மூன்று கேள்விகளை மட்டும் ஒவ்வொருவர் நாவிலும் ஏற்றிவிடுங்கள்.

பாறைக்குக் கோடு தெரியாது. வாயுவுக்கு வரப்புத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம். வாளி தரை தட்டிய பிறகு வழக்காடுவதைவிட, பம்பு ஓடுமுன் அளந்து வைப்பதே அறிவு. அதுவே ஆட்சி என்ற சொல்லுக்கும் பொருள்!